வாடகை தராத, காலி செய்யாத குடித்தனக்காரர்: வீட்டு ஓனர் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

மாடியையோ பக்கத்துப் போர்ஷனையோ வாடகைக்கு விட்டுவிட்டு, பணமும் வராமல் வீடும் திரும்பாமல் நிற்கும் சிறு ஓனர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு நகர்ப்பகுதி வீடுகளுக்குப் பொருந்தும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் (2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது) இதற்கு அடிப்படை. கிராம ஊராட்சிப் பகுதியில் வீடு இருந்தாலோ, ஒத்திக்கு விட்டிருந்தாலோ சட்ட வழி வேறு. அங்கே வக்கீலைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பல ஓனர்கள் தடுமாறுவது சட்டம் தெரியாததால் மட்டும் அல்ல. செய்யக் கூடாததை முதலில் செய்துவிடுகிறார்கள். கோபத்தில் தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் அக்ரிமென்ட்டைத் தேடுகிறார்கள். கீழே உள்ள வரிசைக்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அதைச் சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் ஒரு கணக்கு

சட்டப்படி அட்வான்ஸ் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வாடகை 12,000 ரூபாய் என்றால் உங்கள் கையில் இருப்பது 36,000.

வாடகை பாக்கியைக் காரணம் காட்டி வீட்டைத் திரும்பக் கேட்க வேண்டுமானால், இரண்டு மாதம் பாக்கி நிற்க வேண்டும். அதற்கு நோட்டீஸ் கொடுத்து இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். மனு தயாராகி வழக்கு எண் விழுவதற்குள் நான்காவது மாதமும் போய்விடும். அதாவது, கோர்ட்டு வாசலை மிதிக்கும்போதே அட்வான்ஸ் தீர்ந்திருக்கும். மின்கட்டண பாக்கியும் பெயின்ட் செலவும் அதற்கு மேல்.

எனவே "இன்னும் ஒரு மாதம் பார்ப்போம்" என்று தள்ளும் ஒவ்வொரு மாதமும் உங்கள் சொந்தப் பணம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் நோட்டீஸை எப்போது அனுப்புவது என்ற குழப்பமே வராது.

2. வீட்டைக் கொடுக்கும் முன் ஆளை விசாரியுங்கள்

ஆதார் நகல், வேலை செய்யும் இடத்தின் அடையாள அட்டை நகல், நிரந்தர முகவரி, ஊரில் இருக்கும் உறவினர் ஒருவரின் தொலைபேசி எண். இவ்வளவும் எல்லோரும் வாங்குவார்கள். விட்டுவிடுவது பழைய ஓனரிடம் பேசுவதை.

அதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இப்போது குடியிருக்கும் வீட்டு ஓனர், ஆள் போனால் போதும் என்று "தங்கமான மனுஷன்" என்பார். அதற்கு முந்தைய வீட்டு ஓனருக்கு எந்த அவசரமும் இல்லை. அவர் சொல்வதுதான் உண்மையாக இருக்கும். மாதம் எத்தனை தேதியில் பணம் தந்தார், காலி செய்யும்போது எத்தனை நாள் இழுத்தார் என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.

குடியிருப்பவர் விவரத்தை உள்ளூர்க் காவல் நிலையத்தில் கொடுத்து, ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "எல்லாருக்கும் இப்படித்தான்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தப் பேச்சைக் கேட்டதும் போனை எடுக்காமல் போகிறவரைப் பற்றி வருத்தப்பட வேண்டாம்.

3. அக்ரிமென்ட்: எழுதுவது, பதிவது

11 மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் போதும் என்பது பழகிப்போன வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்தது அந்த 11. ஆனால் 2017 சட்டம் தனி. காலம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் (இந்தச் சட்டத்துக்காக அரசு அமைத்த அலுவலகம்) பதிய வேண்டும். அரசின் வாடகைப் பதிவு இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். பதிவு எண் கைக்கு வந்தால்தான் பின்னால் அந்தக் காகிதத்துக்கு முழு மதிப்பு.

எழுதும்போது இவற்றை விட்டுவிடாதீர்கள்:

- வீட்டில் தங்கப்போகும் பெரியவர்கள் அனைவரின் பெயர். கையெழுத்திட்டவர் வெளியூர் போய்விட்டு, அவர் மச்சான் குடும்பம் உள்ளே இருக்கும் கதை நிறைய உண்டு.
- வாடகைத் தேதி, தாமதமானால் வட்டி எவ்வளவு. வட்டியை எழுதாவிட்டால் பின்னால் கேட்கும்போது தகராறு வரும்.
- மின்கட்டணம், மெயின்டனன்ஸ், தண்ணீர் லாரிச் செலவு யார் பொறுப்பு.
- குடியிருக்க மட்டும்தானா, தொழிலும் செய்யலாமா. வீட்டு இணைப்பில் வியாபாரம் நடந்தால் மின்வாரியம் கேள்வி கேட்பது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரைத்தான்.
- எழுத்து மூலம் சம்மதம் இல்லாமல் உள்வாடகை கூடாது.
- அட்வான்ஸை வாடகையில் கழிக்க முடியாது.
- காலி செய்ய எத்தனை மாத முன்னறிவிப்பு.

ரிப்பேர் விஷயத்தில் தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை. சட்டத்தின் அட்டவணையே பிரித்துச் சொல்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் லைன் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. டேப் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கீசர், வாஷ்பேசின், பூட்டு, கண்ணாடி, சாக்கடை அடைப்பு போன்ற அன்றாடக் கோளாறுகள் குடியிருப்பவர் பொறுப்பு. இந்தப் பட்டியலை அப்படியே ஒப்பந்தத்தின் பின்பக்கம் சேர்த்துவிடுங்கள். ஓனர் தன் பங்கு ரிப்பேரைச் செய்யாமல் இருந்தால், வாடகை தராததற்குக் குடித்தனக்காரர் முதலில் காட்டும் காரணம் அதுதான்.

ஏற்கெனவே எழுத்து ஒப்பந்தமே இல்லாமல் ஆள் குடியிருக்கிறாரா? உட்கார்ந்து எழுதிக்கொள்ளலாம் என்று கடிதம் போட்டு அழையுங்கள். அவர் மறுத்தால், ஒப்பந்தம் ஏற்படவில்லை என்பதையே வீட்டைத் திரும்பப் பெறும் காரணமாகச் சட்டம் ஏற்கிறது. ஆனால் நீங்கள் அழைத்ததற்குச் சான்று வேண்டும்.

4. சாவி கொடுக்கும் நாள்

சாமான் இறங்கும் முன், வெறும் வீட்டை வீடியோ எடுங்கள். ஒவ்வொரு அறையிலும் ஃபேன் சுற்றுவது, லைட் எரிவது, கழிவறைத் தொட்டியில் தண்ணீர் இறங்குவது, சுவரில் ஏற்கெனவே உள்ள விரிசல். கடைசியாக மின் மீட்டரில் ஓடும் எண். சாவி எத்தனை செட் என்பதோடு ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்.

குடித்தனக்காரரின் வாட்ஸ்அப்புக்கே அந்த வீடியோவை அன்றே அனுப்பிவிடுங்கள். உங்கள் போன் மட்டும் வைத்திருக்கும் வீடியோவை "எப்போ எடுத்ததோ" என்று சொல்ல முடியும். அவருக்கும் அன்றே போனதை அப்படிச் சொல்ல முடியாது.

இரண்டு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்றால், வாடகைக்கு விடும் முன் தனி மீட்டருக்கு ஏற்பாடு செய்யுங்கள். பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

5. முதல் தாமதம்

பணம் வராத மூன்றாவது நாளே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் பார்ப்பவர்கள் இரண்டு மாதம் கழித்துக் கத்துகிறார்கள்.

போனில் பேசினாலும், பேசி முடித்ததும் ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். "ஐயா வணக்கம். ஜூன் மாத வாடகை 15-ஆம் தேதிக்குள் தருவதாகச் சொன்னீர்கள். குறித்துக்கொண்டேன்." இவ்வளவு போதும். அவர் "சரிங்க" என்று பதில் போட்டால், பாக்கி இருப்பதை அவரே எழுத்தில் ஒப்புக்கொண்டது போல.

ரொக்கமாக வாங்காதீர்கள், வாங்கினால் ரசீது கொடுங்கள். ரசீது கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உங்களுக்கும் காவல். எந்த மாதத்துக்கு வாங்கினீர்கள் என்பது ரசீதில் இருந்தால், "அதுதான் ஜூலைக்கும் சேர்த்துக் கொடுத்தேனே" என்ற பேச்சு எழாது. பாதித் தொகை வந்தால் "ஜூன் வாடகையில் ஒரு பகுதி 7,000; மீதி 5,000" என்றே எழுதுங்கள்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும். இணைப்பு எண்ணை வைத்து நீங்களே இணையத்தில் பார்த்துவிடலாம். வாடகையை ஒழுங்காகத் தந்துகொண்டே மின் பில்லை விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். காலி செய்த பிறகு அந்தப் பாக்கி உங்கள் இணைப்பின் மேல்தான் நிற்கும்.

6. எந்த மாதிரிச் சிக்கல் என்று பிரியுங்கள்

மருந்து எல்லாருக்கும் ஒன்று இல்லை. முடியாதவரும் உண்டு, மனமில்லாதவரும் உண்டு.

வேலை போனவர், வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தவர் ஆகியோர் போனை எடுப்பார்கள், கொஞ்சமாவது கொடுப்பார்கள். இவர்களுக்குத் தவணை எழுதிக் கொடுப்பது அல்லது சின்ன வீட்டுக்கு மாற உதவுவதுதான் இருவருக்கும் லாபம்.

போனை எடுக்காதவர், ஒவ்வொரு முறையும் வேறு காரணம் சொல்பவர், கேட்டதும் வீட்டில் குறை கண்டுபிடிப்பவர் ஆகியோரிடம் நேரம் செலவழிக்க வேண்டாம். நேரே எட்டாம் பகுதிக்குப் போங்கள்.

வாடகை சரியாக வந்தும் ராத்திரிச் சத்தம், அக்கம்பக்கத்துப் புகார் என்றால், தேதியும் நேரமும் போட்டுக் குறிப்பு எழுதுங்கள். பக்கத்து வீட்டார் அல்லது சங்கத்திடம் எழுத்தில் புகார் வாங்குங்கள். "ரொம்பத் தொல்லை" என்ற வார்த்தையை வைத்து யாரும் உத்தரவு போட மாட்டார்கள். வீட்டைத் தவறாகப் பயன்படுத்துவது, உள்வாடகை விடுவது இரண்டும் சட்டத்திலேயே தனிக் காரணங்கள். தவறான பயன்பாட்டுக்கு முதலில் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நின்றுவிட்டால் அத்தோடு சரி.

7. "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"

இந்தப் பேச்சு வந்த நாளிலிருந்து கவனமாக இருங்கள். கேட்கும்போது நியாயமாகத் தோன்றும். பணம் நம் கையில்தானே இருக்கிறது என்று தலையாட்டிவிடுவோம்.

தலையாட்டினால் என்ன ஆகும்? மூன்று மாத வாடகை 36,000 அட்வான்ஸில் போய்விட்டது. அவர் சொன்ன தேதியில் காலி செய்யவில்லை. மின்கட்டணம் இரண்டு பில் பாக்கி. சமையலறை மேடைக் கல் உடைந்திருக்கிறது. எதைப் பிடித்துவைத்துப் பேசுவீர்கள்? அதைவிட மோசம், கழித்துக்கொள்ளச் சம்மதித்ததால் அந்த மூன்று மாதம் பாக்கியே இல்லை என்று ஆகிவிடும். நோட்டீஸுக்கான காரணமும் சேர்ந்து போய்விடும்.

அதனால் அன்றைக்கே எழுத்தில் பதில் சொல்லுங்கள்: அட்வான்ஸ் சாவி ஒப்படைத்த பிறகு கணக்குப் பார்க்க மட்டும், மாத வாடகை தனியாக வர வேண்டும். மௌனமாக இருந்தால் சம்மதித்ததாகத்தான் பேசுவார்.

விதிவிலக்கு ஒன்று வைத்துக்கொள்கிறேன். நல்லபடியாக இருந்தவர், வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த ரசீதைக் காட்டி, கடைசி ஒரு மாதத்துக்கு மட்டும் கேட்டால் ஒப்புக்கொள்ளலாம். காலி செய்யும் தேதியை எழுதி வாங்கிய பிறகு.

8. நோட்டீஸ்

இரண்டாவது மாத வாடகை தேதி தாண்டியதும் அனுப்புங்கள். மூன்றாவது மாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காரணம் முதல் பகுதியில் இருக்கிறது.

வக்கீல் மூலம் அனுப்பினால் நல்லது. நீங்களே எழுதினாலும் இந்த விவரங்கள் இருக்க வேண்டும்:

"____ முகவரியில் முதல் மாடி வீடு, ____ தேதியிட்ட ஒப்பந்தப்படி மாதம் ரூ.12,000 வாடகைக்குத் தங்களுக்கு விடப்பட்டுள்ளது. ஜூன், ஜூலை மாத வாடகை ரூ.24,000, மின்கட்டணம் ரூ.2,150, ஆக மொத்தம் ரூ.26,150 இதுவரை செலுத்தப்படவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் இத்தொகையை ஒப்பந்தத்தில் கண்ட வட்டியுடன் செலுத்த வேண்டும். தவறினால் வீட்டைத் திரும்பப் பெற வாடகை நீதிமன்றத்தில் மனு செய்யப்படும். அட்வான்ஸ் தொகையை வாடகையில் ஈடுகட்ட எனக்குச் சம்மதம் இல்லை."

திட்டு, மிரட்டல், குடும்ப விவகாரம் எதுவும் வேண்டாம். இந்தக் கடிதத்தை ஒரு நாள் நீதிபதி படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள்.

ஒப்புகை கிடைக்கும் தபாலில் அனுப்பி, அதன் நகலை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். "வாங்க மறுத்தார்" என்று திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வையுங்கள். பிரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று காட்ட முடியாது.

ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுவதும் கட்டிவிட்டால், பாக்கி என்ற காரணத்தில் காலி செய்யும் உத்தரவு கிடைக்காது. ஏமாற்றமாக இருக்கலாம், பணம் வந்துவிட்டது அல்லவா. ஒருமுறை இந்தச் சலுகையைப் பெற்றவர், பின்னர் ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் தவறினால் மறுபடியும் அது கிடைக்காது. எனவே முதல் நோட்டீஸ் வீண் போவதில்லை. கோப்பில் பத்திரமாக வையுங்கள்.

9. இந்தக் காலத்தில் கை வைக்கக் கூடாதவை

தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு. அத்தியாவசியச் சேவையை ஓனர் நிறுத்தக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நிறுத்தினால் குடித்தனக்காரர் வாடகை ஆணையத்திடம் மனு கொடுப்பார். அதுவரை பாக்கிக்காரராக இருந்தவர் பாதிக்கப்பட்டவர் ஆகிவிடுவார். நீங்கள் பதில் சொல்லும் இடத்தில் நிற்பீர்கள்.

அவர் வெளியே போன நேரம் பார்த்து வேறு பூட்டுப் போடுவது, சாமானை எடுத்து வெளியே வைப்பது, நான்கு ஆட்களைக் கூட்டிப் போய்ப் பேசுவது ஆகியவற்றில் சிவில் தகராறு கிரிமினல் புகாராக மாறும். வீட்டைப் பார்வையிட வேண்டுமானாலும் 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்களிடம் மாற்றுச் சாவி இருப்பது உள்ளே நுழைய அனுமதி ஆகாது.

வாடகையை வாங்க மறுப்பதும் தவறுதான். "நீங்க காலி பண்ணுங்க, பணம் வேண்டாம்" என்று திருப்பினால் அவர் அதை வாடகை ஆணையத்தில் கட்டுவார். பாக்கியில்லாத நல்லவர் ஆகிவிடுவார். வாங்குங்கள். நோட்டீஸுக்குப் பிறகு வருகிற பணத்துக்கு, "பாக்கிக்காகப் பெற்றது, நோட்டீஸின் உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று ரசீதில் எழுதுங்கள். எதுவும் எழுதாமல் வாங்கினால் நோட்டீஸைக் கைவிட்டதாக வாதிட இடம் கிடைக்கும்.

10. பேசி முடிப்பது

நோட்டீஸ் போன பிறகுதான் பேச்சு பலிக்கும். அதற்கு முன் பேசினால் கெஞ்சுவதாக எடுத்துக்கொள்வார்கள். இந்தத் தேதிக்குள் சாவி கொடுத்தால் பாக்கியில் இவ்வளவு தள்ளுபடி என்று முன்வைக்கலாம். நான்கு மாதம் வழக்கு நடத்தும் செலவை நினைத்தால் ஒரு மாத வாடகையை விட்டுக்கொடுப்பது மலிவு.

தள்ளுபடி, சாவி கைக்கு வந்த பிறகே. முன்னாலேயே எழுதிக் கொடுத்தால் தள்ளுபடியும் போகும், வீடும் வராது. தேதி, தொகை, இரண்டு சாட்சிக் கையெழுத்து. அந்தத் தேதி தவறினால் மறுநாளே அடுத்த பகுதி.

11. வாடகை நீதிமன்றம்

வாடகை ஆணையம், வாடகை நீதிமன்றம், மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பாயம் என்று மூன்று படிகள். வீட்டைத் திரும்பக் கேட்கும் மனு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். வழக்கமான சிவில் கோர்ட்டில் போட்டுவிட்டு, பிறகு திரும்பப் பெற்று வருபவர்கள் உண்டு. வக்கீலிடம் இதை முதலிலேயே கேளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: பதிவு எண்ணுடன் ஒப்பந்தம், வீட்டுப் பத்திரம் அல்லது சொத்துவரி ரசீது, மாதவாரி வரவுக் கணக்கு, வங்கிக் கணக்கு விவரம், நோட்டீஸ் நகல், தபால் ஒப்புகை, குறுஞ்செய்திகளின் அச்சு. மாதம், வர வேண்டியது, வந்தது, தேதி, மீதி என்று ஐந்து பத்தியில் ஒரே பக்கத்தில் எழுதிய கணக்குக்கு இருக்கும் வலு, அரை மணி நேரப் பேச்சுக்கு இல்லை.

காலி செய்யும் உத்தரவோடு பாக்கித் தொகையும், வாடகைக் காலம் முடிந்த பிறகும் தங்கியிருந்த காலத்துக்கு இரட்டிப்பு வாடகையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்காததை யாரும் தர மாட்டார்கள். பாக்கி வாடகையை வசூலிக்க மூன்று ஆண்டுக் காலவரம்பு உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

12. காலி செய்யும் நாள்

சாமான் ஏறிய பிறகு, வெறும் வீட்டில், சாவி கொடுத்த நாள் எடுத்த வீடியோவைப் போனில் ஓடவிட்டுக்கொண்டே இருவரும் சேர்ந்து சுற்றிப் பாருங்கள். ஆணி அடித்த ஓட்டை, மங்கிய பெயின்ட் எல்லாம் புழங்கியதால் வந்தவை. அவற்றுக்குப் பணம் பிடிக்காதீர்கள். உடைந்த கதவு, காணாமல் போன ஃபேன் வேறு கணக்கு. மீட்டர் எண்ணைக் குறித்து, அன்றுவரை மின்கட்டணம் போடுங்கள்.

அதன்பின் ஒரு தாள்: அட்வான்ஸ் இவ்வளவு, கழித்தவை ஒவ்வொன்றும் இவ்வளவு, திருப்புவது அல்லது இன்னும் வர வேண்டியது இவ்வளவு. மீதி இருந்தால் ஒரு மாதத்துக்குள் வங்கி மூலம் அனுப்பிவிட வேண்டும். எவ்வளவு கசப்பு இருந்தாலும் இதை இழுக்காதீர்கள். இழுத்தால் மனு போடுவது அவர் முறை.

"இன்று வீட்டைக் காலி செய்து எல்லாச் சாவிகளையும் ஒப்படைத்தேன், என் பொருள் எதுவும் உள்ளே இல்லை" என்று கையெழுத்து வாங்குங்கள். பழைய பீரோவை விட்டுவிட்டு "அப்புறம் எடுத்துக்கிறேன்" என்றால் எந்தத் தேதிக்குள் என்று அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தக் கையெழுத்து வந்த பிறகு பூட்டை மாற்றுங்கள்.